பூட்டி வைத்த தூக்கம்

எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் தலையணையை இடுக்கிக்கொண்டு வருவார்கள். வீட்டுத் தலையணை இல்லாவிட்டால் சிலருக்குத் தூக்கம் வராது. முன்மேசையில் இருக்கும் பெண் பெயரைக் கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வாள். நடைவழி முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளம். கதவு விளிம்புகளில் ரப்பர் பட்டை. ஜன்னல்களுக்கு இரண்டு அடுக்குத் திரை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். உள்ளே நான்கு அறைகளில் நான்கு பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடுகிறவர்கள், மூச்சு அடைத்துத் திடுக்கிட்டு விழிக்கிறவர்கள். அவர்கள் தலையிலும் மார்பிலும் ஒட்டிய மெல்லிய ஒயர்கள் வழியாக மூச்சும் இதயத் துடிப்பும், மூடிய இமைக்குள் விழி உருளுவதும்கூட அலைகளாகி, சுவருக்கு இந்தப் பக்கம் என் அறையில் இருந்த சர்வருக்கு வந்து சேரும்.

ஒயர் ஒட்டுவது என் கணவரின் வேலை. வந்து சேர்ந்த தூக்கத்தைப் பத்திரப்படுத்துவது என்னுடையது.

"நான் தூங்க வைக்கிறேன், இவ அடுக்கி வைக்கிறா" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் புது மெஷின் வந்தாலும் முதல் ஆளாக அதில் தான் படுத்துத் தூங்கிப் பார்ப்பார். மூன்றாம் அறைதான் அவருக்குப் பிடித்தது. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் அசந்திருக்கும் நேரத்தில், தலையைச் சுற்றி ஒயரோடு போய்ப் படுத்துக்கொள்வார்.

"நோயாளிக்கு முன்னாடி நான் பாக்க வேண்டாமா? சமைக்கிறவங்க உப்புப் பாக்கிற மாதிரிதான்."

"உப்புப் பாக்குறேன்னு பானையையே காலி பண்றீங்களே" என்று ஆய்வகத்து டாக்டரம்மா சிரிப்பார். பத்து நிமிடம் என்று சொல்லிப் படுப்பவர், யாராவது போய் எழுப்பினால்தான் எழுந்திருப்பார்.

ஊரில் இருக்கிறவர்களின் குறட்டையை எல்லாம் அளந்து சொன்ன மனிதர், வீட்டில் விடுகிற குறட்டைக்கு அலமாரிக் கண்ணாடி அதிரும். எங்கள் மகள் சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவள். "அப்பா வண்டி கிளம்பிடுச்சு" என்று போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பாள். அடுத்த நிமிடம் தூங்கியிருப்பாள்.

கடைசியாக அவர் உப்புப் பார்த்தது ஒரு விற்பனைக்காரர் கொண்டுவந்து வைத்த மெஷின். பிடித்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் எடுத்துப் போகிறேன் என்று விட்டுப் போயிருந்தார். பழைய மெஷின்களில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. கட்டிலுக்கு மேலே ஒரு சின்ன மைக். தூங்குகிறவரின் சத்தத்தையும் அது பதிவு செய்யும். அன்று மதியம் மூன்றாம் அறையில் நன்றாகத் தூங்கி எழுந்து, கன்னத்தில் தலையணை மடிப்போடு என் அறைக்கு வந்து நின்றார்.

"என் குறட்டையை நானே கேட்டேன். பொய் சொல்லக் கூடாது, ரொம்ப மோசம். நீ எப்படி என்னோட இத்தனை காலம் குடும்பம் நடத்தின?"

"காதுல பஞ்சு வச்சுக்கிட்டுதான்" என்றேன்.

"இதை அழிச்சிடாதே. உன் பொண்ணு கல்யாணத்துல நாதஸ்வரத்துக்குப் பதிலா போடலாம்."

அந்த மெஷின் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இரண்டொரு நாளில் விற்பனைக்காரர் வந்து எடுத்துப் போய்விட்டார். அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில், பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த என் கணவர், தோள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டவர், அப்படியே தரையில் உட்கார்ந்தார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அசதியில் உட்கார்கிறார் என்றுதான் அவர்கள் நினைத்தார்களாம்.

அவர் போன பிறகு வீடு அமைதியானது. எங்கள் தெருவில் இத்தனை விதமான சத்தங்கள் இருக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறுகிற சத்தம், எதிர் வீட்டு இரும்புக் கதவின் கீல், எங்கோ ஒரு குழந்தையின் இருமல். இதையெல்லாம் அவர் குறட்டை இவ்வளவு காலமாக மூடி வைத்திருந்தது.

"சத்தம் இல்லாம எப்படிம்மா தூங்குறது?" என்று மகள் ஒருநாள் காலையில் கேட்டாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவள் கேலியாகக் கேட்கவில்லை.

"அப்பா குறட்டை ஆபீஸ்ல இருக்கு. கொண்டு வரேன்" என்றேன். மூன்றாம் அறையில் பதிவான அந்த மதியத் தூக்கத்தைத்தான் சொன்னேன். அவர் சத்தம் பதிவான இடம் உலகத்தில் அது ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் வீடியோ எடுக்கிறவர்கள் இல்லை. எடுத்த இரண்டொன்றிலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். அதில் அவர் பேசவே இல்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன அன்று அறைக் கதவைத் திறந்ததும் ஒரு சத்தம் கேட்டது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சர்வருக்குள் இருந்த ஹார்டு டிஸ்க் அதே போல நறநறத்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்தேன். ஆறுதல் சொல்லி எழுதியவர்களின் கடிதங்களுக்கு நடுவே, தினம் ஒன்றாக, ஒரே வரி வந்திருந்தது. பேக்கப் தோல்வி. பேக்கப் தோல்வி. பேக்கப் தோல்வி.

பேக்கப் என்பது வேறொன்றும் இல்லை. டேட்டாபேஸில் இருக்கும் எல்லாத் தூக்கத்தையும் ஒவ்வொரு மதியமும் நகல் எடுத்து இன்னொரு இடத்தில் வைப்பது. இது பழுதானாலும் அது இருக்கும். எல்லா இடத்திலும் இரவில்தான் எடுப்பார்கள். எங்களுக்கு இரவுதான் கூட்டம். பேக்கப் ஓடினால் சர்வரின் காற்றாடி இரைய ஆரம்பிக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர் புரண்டு படுப்பார். அதனால் எல்லா அறையும் காலியாக இருக்கும் சாப்பாட்டு நேரத்துக்கு அதை வைத்திருந்தோம்.

கடைசியாக நல்லபடியாக முடிந்த பேக்கப் எது என்று தேடினேன். அவர் மூன்றாம் அறையில் போய்ப் படுத்த அன்று, அவர் படுப்பதற்குச் சற்று முன்னால் முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. விடுப்புக்கு முன்னால் வந்த தோல்விச் செய்திகளையும் நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். அப்படியென்றால் அவருடைய அந்தத் தூக்கம் பல்லைக் கடிக்கும் இந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது. அதற்குப் பின் வந்து தூங்கிப் போனவர்களின் தூக்கமும்தான்.

புது டிஸ்க் ஏற்கெனவே வாங்கி, பிரிக்காத பெட்டியில் என் மேசைமேல் இருந்தது. டாக்டரம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"மாத்திடலாம்தானே? சத்தம் எனக்கே கேக்குது."

"ஒரு முழு பேக்கப் கிடைச்சா மாத்திடலாம் டாக்டர். அதுதான் கிடைக்க மாட்டேங்குது."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"இன்னைக்குத் தாங்கினா நல்லது."

அவர் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அன்று மதியத்துக்கு மேல் யாருக்கும் முன்பதிவு வேண்டாம் என்று முன்மேசையில் அவர் சொல்வது கேட்டது.

முதலில் என் கையில் இருந்ததையெல்லாம் பார்த்தேன். நகல் போய்ச் சேரும் இடத்தில் காலியிடம் இருந்தது. அனுமதிகள் சரியாக இருந்தன. கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். பேக்கப்பை என் கையாலேயே ஓடவிட்டு, அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஃபைல் பிறந்தது. வளர்ந்தது. காற்றாடி இரைந்தது. ஃபைல் இன்னும் வளர்ந்தது. முழுசாக முடிந்த அந்த நொடியில், காணவில்லை. எழுப்ப டீயோடு போனால் படுக்கை காலியாக இருக்குமே, அந்த மாதிரி. திரையில் ஒரே ஒரு செய்தி. ஃபைல் கிடைக்கவில்லை.

மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் அதே இடத்தில் மறைந்தது. பாதியில் நின்றால் டிஸ்க் மேல் சந்தேகப்படலாம். முழுதாக முடிந்த பிறகு போகிறதென்றால், வேறு யாரோ எடுத்துப் போகிறார்கள்.

காவலைக் கூப்பிட்டேன்.

எங்கள் நெட்வொர்க்கையும் ஆன்டிவைரஸையும் பார்த்துக்கொள்பவருக்கு என் கணவர் வைத்த பெயர் அது. அவர் என் கணவரை மச்சான் என்று கூப்பிடுவார். அந்தக் கணக்கில் நான் அவருக்குத் தங்கச்சி. ஒருமுறை அவருடைய ஷூ கீச்சிட்டு ஒரு நோயாளி எழுந்துவிட்டார். அன்றிலிருந்து நடைவழியின் முனையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். அன்றும் அப்படியே வந்து நின்றார். விசாரிக்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஷூவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"சொல்லு தங்கச்சி. என்ன ஆச்சு?"

"உங்க ஆன்டிவைரஸ் என் பேக்கப்பைத் தின்னுது."

"சே சே. என் ஆளு சைவம்."

"அப்போ யாரு தின்னா?"

"நாட்டுல எது காணாம போனாலும் முதல்ல வாட்ச்மேனைத்தான் பிடிப்பீங்க" என்றவர், ஷூவைக் கீழே வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆன்டிவைரஸ் செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாகைத் திறந்தார். கொஞ்ச நேரம் மேலும் கீழும் உருட்டினார். பிறகு உருட்டுவதை நிறுத்தினார்.

"என்ன?"

"சைவம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

ஒவ்வொரு மதியமும் ஒரு வரி. சந்தேகத்துக்குரிய புரோகிராம் கண்டுபிடிக்கப்பட்டது. பேக்கப் ஃபைலின் பெயர். நீக்கப்பட்டது.

"இத்தனை நாளா உங்களுக்குத் தகவல் வரலையா?"

"வந்திருக்கு. தினம் நூத்துக்கணக்குல வரும். எல்லாத்தையும் படிச்சா எனக்கே உங்க மூணாம் ரூம்ல ஒரு கட்டில் வேணும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் அறை என்றால் யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவர் விளக்கியது இவ்வளவுதான். புதிதாக எழுதப்படும் எந்த ஃபைலையும் ஆன்டிவைரஸ் ஒருமுறை படித்துப் பார்க்கும். சந்தேகம் வந்தால் எடுத்துத் தன் பெட்டிக்குள் பூட்டி வைக்கும். பெட்டியில் கொள்ளாத அளவுக்குப் பெரிய ஃபைலாக இருந்தால் அழித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அது தொடாது. அதிலிருந்து வெளியே வரும் நகலைத்தான் வாசலில் நின்று பிடிக்கிறது.

"அப்போ டேட்டாபேஸை நிறுத்திட்டு அப்படியே காப்பி பண்ணினா?"

"காப்பியும் புது ஃபைல்தானே. பிடிச்சுக்கும்."

"ஒரு மணி நேரம் அணைச்சு வைங்க. நான் எடுத்துக்கிறேன்."

"நான் வாசல்ல நிக்கிற ஆளு தங்கச்சி. சாவி தலைமை ஆபீஸ்ல இருக்கு. விலக்கு கேட்டு எழுதணும். அவங்க கூட்டம் போட்டு, யோசிச்சு, இன்னொரு கூட்டம் போட்டுத் தரணும். எழுதிடுறேன். ஆனா இது அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்குமா?"

டிஸ்க் நறநறத்தது.

வேறு வழி யோசித்தோம். உள்ளே இருக்கும் எல்லாமே சந்தேகத்துக்குரியதாக இருக்க முடியாது. ஏதோ ஒன்றுதான் அதன் கண்ணை உறுத்துகிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டால் மற்றதெல்லாம் தப்பித்துவிடும். பாதிப் பாதியாக நகல் எடுக்கலாம் என்றேன். எந்தப் பாதி வாசலைத் தாண்டுகிறதோ அது பத்திரம். மறிக்கப்பட்ட பாதியை மறுபடி இரண்டாகப் பிரிக்கலாம்.

டாக்டரம்மா மூன்று டம்ளர் டீயோடு வந்து எங்கள் பின்னால் நின்றார். காவல் அவரிடம் நிலைமையைச் சொன்னார்.

"ஒருத்தரோட பதிவுதானா? அப்போ கவலை எதுக்கு? அதை நீக்கிடுங்க. யாரோ அவங்களைக் கூப்பிட்டு, தப்பு எங்க மேலதான், வந்து இன்னொரு தடவை தூங்குங்கன்னு சொல்லிடலாம். நானே பேசுறேன்."

"சரி டாக்டர்" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். நியாயமாகத்தான் இருந்தது.

பாதியைப் பிரித்து ஓடவிட்டேன். பதிவுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனாலும் அடுக்கி வைத்தவளுக்கு எது யாரென்று தோராயமாகத் தெரியும். பழைய பாதி முதலில் கிளம்பியது. தூக்கத்தில் எழுந்து நடந்து பால்கனிக் கதவைத் தட்டிய ஆசிரியை, பேருந்து ஓட்டும்போது கண் அயர்ந்துவிடுமோ என்று பயந்து வேலையை விட்டவர், எங்கள் ஆய்வகத்தில் படுத்த அன்று மட்டும் குழந்தையைப் போலத் தூங்கி "வீட்டுலதான் பிரச்சினை போல" என்று சொல்லிப் போன வக்கீல். காற்றாடி இரைந்தது. திரைபோட்ட அறையில் நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் எல்லோரும் தலையணையை இடுக்கிக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே, வாசலில் நின்ற காவலாளியைத் தாண்டி வரிசையாகப் போவதுபோல் இருந்தது எனக்கு. ஃபைல் முடிந்தது. மறையவில்லை.

"போயிட்டாங்க" என்றார் காவல்.

புதிய பாதி மறைந்தது. அதை இரண்டாக்கினேன். ஒன்று தாண்டியது, ஒன்று மறைந்தது. மறைந்ததை மறுபடி இரண்டாக்கினேன். சிறிதாகச் சிறிதாக நகல் சீக்கிரம் முடிந்தது. ஜன்னல் திரையின் கீழ்விளிம்பில் வெயில் கோடு மேசையிலிருந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் தாண்டிய பாதியைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. மறிக்கப்பட்ட பாதி எந்த வாரத்தைச் சேர்ந்தது என்பது மெல்லத் தெளிவானது. என் கணவர் புது மெஷினில் தூங்கிப் பார்த்த வாரம்தான் அது. நான் மெதுவாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். காவல் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். கேலி பேசுவதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் இரண்டு பதிவுகள் மிஞ்சின. முதலாவது ஒரு செவிலியின் தூக்கம். தாண்டியது.

மற்றதை நான் ஓடவிடவில்லை. எண்ணைப் பார்த்தேன். மூன்றாம் அறை. மதியம்.

"அட, கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மா மறுபடி உள்ளே வந்தார். கையில் போன் இருந்தது. "நம்பரைக் கொடுங்க. இப்பவே கூப்பிட்டு வரச் சொல்றேன். யாரு அது?"

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். போனை மெதுவாக அங்கிப் பைக்குள் போட்டார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரை வேண்டுமானாலும் இன்னொரு தடவை வந்து தூங்கச் சொல்லியிருக்கலாம்.

"மச்சான் அப்படி என்னத்தை வச்சுக்கிட்டுத் தூங்கினான்?" என்றார் காவல். பிறகு பதிவின் விவரங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார். கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. விற்பனைக்காரரின் மெஷின், எந்தக் கணினியிலும் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு பதிவோடும் ஒரு குட்டி புரோகிராமை ஒட்டி அனுப்பியிருந்தது.

"பார்சலுக்குள்ளயே அதைப் பிரிக்கிற கத்தியையும் வச்சு அனுப்பியிருக்கான். என் ஆளுக்குத் தூக்கமும் தெரியாது குறட்டையும் தெரியாது. கத்தி மட்டும்தான் கண்ணுல படுது."

வேறு யாரும் அந்த மெஷினில் தூங்கவில்லை. என் கணவர் வழக்கம்போல நோயாளிகளுக்கு முன்னால் தான் தூங்கிப் பார்த்தார். அதைச் சோதனைக்கென்று தனியாக வைக்காமல், எல்லோருடைய தூக்கத்தோடும் சேர்த்து என்னிடமே அனுப்பினார். வழக்கம்போல.

"கத்தியை எடுத்துட முடியாதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எடுக்கணும்னா ஃபைலை வெளியே கொண்டு வரணும். வெளியே வந்த நொடியில பிடிச்சுக்கும்."

"மத்தவங்க எல்லாரும்?"

"எல்லாரும் பத்திரமா இருக்காங்க டாக்டர்" என்றேன். "புது டிஸ்க்கை மாட்டலாம்."

அதைச் சொல்லும்போது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டிஸ்க் நறநறப்பதை நிறுத்தி, ஒரு கணம் மூச்சுவிடாமல் இருந்து, மறுபடி தொடங்கியது. மூச்சடைப்பு உள்ளவர்களின் அலை அப்படித்தான் இருக்கும். கோடு நேராகப் போகும், நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்து நிற்போம், பிறகு ஒரு பெரிய மூச்சு வரும். அப்படி ஒவ்வொரு முறை மூச்சு வரும்போதும் என் கணவர் "வந்துட்டான்" என்று மெதுவாகச் சொல்வார்.

காவல் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இது எவ்வளவு பெரிய ஃபைல்?"

சொன்னேன்.

"சின்னதுதான். பெட்டிக்குள்ள கொள்ளும்."

"எந்தப் பெட்டி?"

"என் ஆளோட பெட்டி. பெரிய ஃபைலைத்தான் அழிக்கும். சின்னதை அழிக்காது, பூட்டித்தான் வைக்கும். ஒரு எழுத்து மாறாம வைக்கும். வெளியே வா, வந்தா பிடிப்பேன்னு நிக்கிறான்ல? பிடிக்கட்டுமே. நாம நகல் எடுத்து எங்க வச்சாலும் தட்டிப் பறிக்கிறான். அவன்கிட்டயே கொடுத்துட்டா? அந்தப் பெட்டி இந்த டிஸ்க்ல இல்ல, என்னோட சர்வர்ல இருக்கு."

"அதுலேருந்து திரும்பி வருமா?"

"அடைச்சு வைக்கிறது என் கையில. விடுதலை மட்டும் மேல இருந்து வரணும். வரும். எத்தனை கூட்டம் போட்டாலும் நான் விட மாட்டேன். ஒரு மாசத்துக்கு மேல இருந்தா தானா அழிக்கிற மாதிரி ஒரு வசதி வச்சிருக்கான், பாவி. அதை முதல்ல அணைக்கிறேன்."

அணைத்தார். என்னைப் பார்க்கச் சொல்லி, திரையைத் திருப்பி, மறுபடியும் காட்டினார்.

நகல் எடுக்கும் கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டு, கடைசி விசையை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். என் பேக்கப் ஒவ்வொன்றையும் விழுங்கியது எதுவோ, அதன் கையில் அவரைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். டிஸ்க் இருக்கிற நிலையில் இன்னொரு தரம் படிக்குமா என்பதும் தெரியாது.

"எனக்குத் திரும்பி வராம போனா?" என்றேன்.

"வராம போனா நீ என்னை அண்ணன்னு கூப்பிட வேண்டாம்."

"நான் உங்களை எப்போ அண்ணன்னு கூப்பிட்டேன்?"

"அதானே. இத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே விசையை அழுத்தினேன்.

டிஸ்க் பல்லைக் கடித்தது. நின்றது. எதுவும் நடக்கவில்லை. அறையில் யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. பிறகு ஒரு நீண்ட நறநறப்பு. ஃபோல்டரில் ஒரு ஃபைல் தோன்றியது. அதன் பெயரை நான் படித்து முடிப்பதற்குள் மறைந்தது. அதே நேரத்தில் காவலின் மடிக்கணினி மணியடித்தது. ஒரு பொருள் பிடிபட்டது. பூட்டப்பட்டது.

"வந்துட்டான்" என்றார் காவல்.

அவர் அந்தச் சொல்லை என் கணவரிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டோம். சரியாக இருந்தது.

அன்று மாலை புது டிஸ்க்கை மாட்டினோம். பழையதை வெளியே எடுத்தபோது அது உடம்புச் சூடு போல இளஞ்சூடாக இருந்தது.

அனுமதி வர நாளாயிற்று. தினமும் வீட்டுக்குப் போனதும் மகள் என் முகத்தைப் பார்ப்பாள். "பூட்டி வச்சிருக்காங்க, பத்திரமா இருக்கு" என்பேன். "அப்பாவை ஜெயில்ல போட்டுட்டீங்களா?" என்றாள் ஒருநாள். "நல்லாத் தூங்குறாராம்" என்றேன். இருவரும் சாப்பிட்டோம். காவல் தலைமை ஆபீஸுக்கு எத்தனை கடிதம் எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்த ஒருவர் இவருடைய பெயரைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறாராம். கடைசியில் பெட்டியைத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். காவல் கத்தியை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, தூக்கத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அதை அதன் பழைய எண்ணிலேயே, செவிலியின் தூக்கத்துக்குப் பக்கத்தில், மறுபடி வைத்தேன்.

மறுநாள் மகளை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். மதியம், அறைகள் காலியாக இருந்த நேரம். மூன்றாம் அறையின் திரைகளை இழுத்துவிட்டேன். அவள் கட்டிலின் விளிம்பில் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். நான் ஸ்பீக்கரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பதிவைத் திறந்தேன். முதலில் கட்டில் முனகும் சத்தம். தொண்டையைச் செருமுவது. "சரி, ஆரம்பிக்கலாம்" என்று யாரிடமோ சொல்வது. அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. திரையில் மூச்சு அலை மட்டும் ஏறி இறங்கியது. அலை அகலமாகி, நிதானமாகி, ஒரு கட்டத்தில் முதல் உறுமல் கேட்டது.

"வண்டி கிளம்பிடுச்சு" என்றாள் மகள். அழுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் செருப்பை உதறிவிட்டுச் சாய்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் திரும்பிப் படுத்தாள். போர்வையை இழுத்துவிட நான் எழுந்தபோது தூங்கிவிட்டிருந்தாள். இப்போது அறையில் இரண்டு மூச்சுகள் கேட்டன. பெரியது முன்னால் போக, சின்னது கொஞ்சம் பின்தங்கி வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் காற்றாடி இரையத் தொடங்கியது. சாப்பாட்டு நேரத்துப் பேக்கப். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அது அடங்கியதும் கதவு கொஞ்சமாகத் திறந்தது. காவல் கையில் ஷூவோடு நின்றார்.

"பேக்கப் எல்லாம் பச்சை தங்கச்சி. ஒருத்தர் விடாம" என்று ஆரம்பித்தவர், கட்டிலைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். ஸ்பீக்கரிலிருந்து வந்த குறட்டையைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"கொடுத்து வச்சவன்" என்றார் கிசுகிசுப்பாக. "எழுப்பணுமா?"

"வேண்டாம் அண்ணா" என்றேன்.

ரப்பர் பட்டை உரசாமல், கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.